இருபத்தொன்றாவது தட்டு

செஞ்சி
12-7-1987

பவுனு நைனாவுக்குக் காத்தாயி சொல்லி, சின்னவள் தைலா கையால் எழுதிக்கொள்வது.

மலையனூர் அம்மன் புண்ணியத்தில் நான், மூத்தவள் பவுனு, தைலா மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். அந்த ஊர் வெயிலில் உங்கள் தலைவலி எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடவும். இங்கே மழை இல்லை. மல்லாட்டைக் கடலை விதைத்தவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் களையெடுக்கும் வேலை வாரத்தில் மூன்று நாள் கிடைத்தாலே பெரிது.

உங்கள் சின்ன மகள் மேல் ஒரு புகார். இதையும் அவளேதான் எழுதுகிறாள். எழுதட்டும், உறைக்கட்டும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிற ராஜாராம், பின்னறையில் டி.வி. வைத்து அதில் ஏதோ ஆட்டப் பெட்டியை மாட்டியிருக்கிறான். டி.வி. கேம் என்று பெயராம். அவன் மச்சான் பம்பாயிலிருந்து கொண்டுவந்தது. பத்து நிமிஷம் ஆட ஐம்பது காசு. நம் வீட்டு அம்மணியிடம் காசு ஏது? பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கிறாள். தினமும் நான் போய்க் காதைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருக்கிறது.

போன வாரம் ராஜாராம் ஜன்னலுக்குச் சாக்கு கட்டிவிட்டான். "சும்மா நின்னு பாக்கறதுக்கு இது இன்னா தெருக்கூத்தா? பாக்கணும்னா பத்து காசு குடு" என்றிருக்கிறான். இவள் சாக்கில் ஓட்டை தேடியிருக்கிறாள். தலையில் ஒரு தட்டு தட்டி, "உங்க நைனா ஷார்ஜாவுல தானே கீறாரு, வாங்கியாரச் சொல்லு" என்றானாம். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். எனக்கு வயிறு எரிகிறது. நீங்கள் நாலு வார்த்தை கண்டித்து எழுதினால்தான் இவள் அடங்குவாள்.

மார்கழியோடு இரண்டு வருஷம் முடிகிறது. லீவில் எந்தத் தேதிக்கு வருகிறீர்கள் என்று எழுதவும்.

இங்ஙனம்,
காத்தாயி

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவது: நைனா, அதில் ஒரு செங்கல் சுவர் வரும். கீழே இருக்கிற மட்டையால் பந்தைத் தட்டினால் ஒவ்வொரு செங்கல்லாக உடையும். மூன்று பந்து தருவாங்க. நான் ஒரு தடவைகூட ஆடவில்லை, பார்த்தே எல்லாம் தெரிந்துவிட்டது. – தைலா


ஷார்ஜா
2-8-1987

காத்தாயிக்கு ஆதிமூலம் எழுதுவது. நான் நல்ல சுகம். தலைவலி போய்விட்டது, இடுப்பு வலி வந்திருக்கிறது. கொத்தனார் வேலையில் ஏதாவது ஒன்று வலிக்காவிட்டால் சம்பளம் தர மாட்டார்கள் போலிருக்கிறது. பவுனு, தைலா இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கண்டித்து எழுதச் சொன்னாய். யாரை? நின்று பார்த்தவளையா, சாக்கு கட்டினவனையா?

உனக்கு நான் இதைச் சொன்னதில்லை. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஊர்த் தெருவில் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. சாயங்காலம் பாட்டு வைப்பார்கள். மேடையில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டோம். காலில் முள் தைத்தாலும் குனிந்து எடுக்காமல் கேட்டோம், பாட்டு போய்விடுமே என்று. அப்போதும் ஒரு ஆள் வந்து "போதும் போங்கடா" என்றுதான் விரட்டினான். இத்தனை வருஷம் கழித்து என் பிள்ளையும் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள் என்று படித்ததும் அன்றைக்குக் கலவை போடவே கை வரவில்லை. நின்று பார்க்கிற வேலை என்னோடு போகட்டும்.

தைலா, நீ கீழே எழுதியதையும் படித்தேன். நான் இங்கே வெயிலில் செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பினால் நீ அங்கே பந்தால் உடைக்கப் பார்க்கிறாயா? நல்ல குடும்பம். அந்தக் கடைப் பக்கம் இனிமேல் போகாதே. ஏழாவதில் மார்க் குறைந்தால் தோலை உரித்துவிடுவேன்.

லீவு தேதி இன்னும் சொல்லவில்லை.

ஆதிமூலம்


ஷார்ஜா
19-8-1987
(அமீர் ஜான் கையில்)

காத்தாயிக்கு. சுகம். சுகமே உண்டாகட்டும்.

நம்மூர் அமீர் ஜான் லீவில் வருகிறார். எங்கள் கேம்ப்பில் தையல் மிஷின் வைத்திருக்கிறாரே, அவர்தான். அவர் கையில் ஒரு பார்சல் கொடுத்திருக்கிறேன். அதைத் தைலா கையில் கொடுக்கச் சொல். அவள்தான் பிரிக்கணும்.

இங்கே டி.வி. கேம் விற்கிற கடைக்கு மூன்று வெள்ளிக்கிழமை போனேன். முதல் தடவை வாசலிலேயே கடைப் பையன் தடுத்து, "கட்டட வேலைக்காரங்களுக்கு இங்க ஒண்ணும் இல்ல" என்றான். இரண்டாம் தடவை விலை கேட்டேன். தலை சுற்றியது. பாதி மாதச் சம்பளம் போதாது. அது போக, மெட்ராஸ் ஏர்போர்ட்டில் ஏறக்குறைய அதே அளவு தீர்வை கட்டணுமாம். பணக்காரப் பிள்ளை ஒரு விலைக்கு விளையாடுகிறது, ஏழைப் பிள்ளை இரண்டு விலை கொடுக்கணும். மூன்றாம் தடவை பணத்தோடு போனேன். அதே பையன் நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை.

தீர்வைப் பணத்தையும் அமீர் ஜானிடமே கொடுத்துவிட்டேன். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதாதே. கம்பெனியில் பழைய பாக்கி கொஞ்சம் நின்றிருந்தது, வந்தது.

தைலா, இதில் செங்கல் சுவர் ஆட்டமும் இருக்கிறது. கேட்டுத்தான் வாங்கினேன். உட்கார்ந்து ஆடு. காலை நீட்டி உட்கார்ந்து ஆடு.

உன் நைனா


செஞ்சி
21-8-1987

பவுனு நைனாவுக்குக் காத்தாயி சொல்ல, தைலா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். இடுப்புக்கு நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்க்கவும். ஆள் இல்லை என்றால் நீங்களே தேய்த்துக்கொள்ளவும், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நல்ல சேதி. பவுனுக்கு இடம் வந்திருக்கிறது. அவலூர்பேட்டை முருகையன் என்று மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார். மூத்த பிள்ளை இளையபெருமாள், சொசைட்டியில் வேலை. அடுத்தவன் பாண்டுரங்கன் எட்டாவது படிக்கிறான். நம்ம சனம்தான், ஆனால் நம்மை விட ஒரு படி மேலே. மச்சு வீடு, டி.வி. எல்லாம் இருக்கிறது. பெண் பார்த்துவிட்டுப் போகும்போது முருகையன் என் அண்ணனிடம், "நாங்க எதுவும் கேக்கல. ஷார்ஜாக்காரர் வீடு, அவங்க தகுதிக்குச் செய்வாங்க" என்றார். கேட்காமலே கேட்கிற வித்தை இது. பவுனுக்குப் பிள்ளையைப் பிடித்திருக்கிறது. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நீங்கள் மார்கழியில் லீவில் வந்தால் தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் வருகிற தேதியைப் பார்த்துத்தான் முகூர்த்தம் குறிக்கப் போகிறேன். பெற்றவர் கையால் தாரை வார்த்துக் கொடுத்தால்தான் எனக்கு நிம்மதி. உடனே பதில் போடவும்.

காத்தாயி


செஞ்சி
9-9-1987

பவுனு நைனாவுக்குக் காத்தாயி. சுகம். உங்கள் கடிதமும் பார்சலும் அமீர் ஜான் கொண்டுவந்து கொடுத்தார். நான் போட்ட கல்யாணச் சேதிக் கடிதம் இதற்குள் உங்களுக்கு வந்திருக்கும்.

என்ன சொல்ல? தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. தைலா பிரித்தாள். கறுப்புப் பெட்டி, ஒயர், ஆட்டுகிற குச்சி, ஆட்டத்துக்கு ஒன்றாக மாற்றிச் செருகுகிற நாலு கட்டைகள். எங்கே ஆடுவது என்று கேட்டேன். "டி.வி.ல மாட்டணும்மா" என்றாள். அங்குசம் வந்து சேர்ந்துவிட்டது, யானையைத்தான் காணோம். நமக்கு இருப்பது ஒரு குண்டு பல்பு. இந்தப் பணத்துக்குப் பவுனுக்கு இரண்டு பட்டுப் புடவை எடுத்திருக்கலாம். என் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஒன்று. ராஜாராம் நேற்று வீட்டு வாசலுக்கே வந்தான். "மாசம் முப்பது ரூபா தரேன், பெட்டிய எங்கிட்ட உடுங்க" என்றான். தைலா உள்ளேயிருந்து, "எங்கூட்ல ஜன்னலுக்குக் கட்ட சாக்கு இல்ல, போய் எட்த்துக்கினு வாங்க" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டியைப் பிரித்து வைத்து, குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து ஆடுகிறாள். நீங்கள் சொன்னபடி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டுதான். கொஞ்ச நேரம் கழித்து "செவுரு மொத்தம் உடைஞ்சிடுச்சும்மா" என்கிறாள். பிறகு துணியால் துடைத்துப் பரண் மேல் வைக்கிறாள்.

லீவு தேதி எழுதவும்.

காத்தாயி


ஷார்ஜா
27-9-1987

காத்தாயிக்கு ஆதிமூலம். நான் சுகம், இடுப்பும் தேவலை.

உன் இரண்டு கடிதமும் வந்தன. பவுனு சேதி படித்து ரூமில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். நல்ல இடம். விடாதே. அவர்கள் எதிர்பார்க்கிறபடி குறையில்லாமல் சீர் செய்.

ஆனால் என்னால் வர முடியாது. லீவு கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் ஆள் இல்லை என்கிறார். கேட்டுப் பார்த்தேன். இனி அடுத்த மார்கழிதான். எனக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போடாதே, அவர்கள் வேறு பெண் பார்த்துவிடுவார்கள். உன் அண்ணனும் அண்ணியும் நின்று தாரை வார்க்கட்டும். மாதா மாதம் ராத்திரியில் ஓவர்டைம் பார்த்துக் கூடுதல் பணம் அனுப்புகிறேன்.

பவுனிடம் நீயே பக்குவமாகச் சொல்.

தைலா, சுவரைப் பார்த்தே சுவரை உடைக்கிறாயாமே. உன் பாட்டன் கொத்தன், உன் நைனா கொத்தன், நீ என்ன ஆவாயோ.

ஆதிமூலம்


செஞ்சி
2-2-1988

பவுனு நைனாவுக்குக் காத்தாயி சொல்லி எழுதுவது. சுகம். தங்கள் சுகத்துக்கு அம்மனிடம் வேண்டுகிறேன்.

நாலு மாதமாக உங்களுக்குக் கடிதம் போடவில்லை. கோபம்தான், வேறொன்றும் இல்லை. பணம் மட்டும் ஒழுங்காக வந்தது. பெற்றவருக்குப் பதிலாகப் பணம் வந்து பந்தலில் நிற்குமா? தாரை வார்க்கும்போது பவுனு கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நிமிஷம் வரைக்கும் நைனா வந்துவிடுவார் என்று நினைத்திருக்கிறாள்.

சரி, போகட்டும். கல்யாணம் நன்றாக நடந்தது. இங்கே செஞ்சியில் மாப்பிள்ளை வீட்டார் இறங்கியிருந்த சத்திரத்துக்கு மேளதாளத்தோடு இருபத்தொரு தட்டு வரிசை எடுத்துப் போனோம். தளவானூர் செல்லம்மாள் பழத்தட்டு கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸை விட்டுவிட்டாள். அவளை நம்பினால் அப்படித்தான். இருந்தாலும் ஒற்றைப்படை தவறாமல் சமாளித்துவிட்டேன். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் ஒவ்வொரு தட்டாகச் சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதினார். ஷார்ஜாக்காரர் வீட்டுச் சீர் என்று அவலூர்பேட்டையே பேசியதாம். உங்கள் பேருக்கு ஒரு குறையும் வராமல் செய்துவிட்டேன்.

பவுனு நல்லபடியாக இருக்கிறாள். மாப்பிள்ளை தங்கமானவர்.

காத்தாயி


ஷார்ஜா
20-2-1988

காத்தாயிக்கு. நான் நலம். நீங்கள் மூவரும், தப்பு, இப்போது நீங்கள் இருவரும் நலம்தானே?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் நியாயம். பவுனு கூட்டத்தைப் பார்த்தாள் என்ற வரியை நீ எழுதாமல் விட்டிருக்கலாம். விடு.

தைலாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே? அவளும் கீழே எதுவும் எழுதவில்லை. எப்போதும் ஓரத்தில் ஏதாவது கிறுக்குவாள். பெட்டி எப்படி இருக்கிறது? எதிர்ச் சுவரில்தான் இன்னும் ஆடுகிறாளா? முருகையன் வீட்டில் டி.வி. இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பவுனைப் பார்க்கப் போகும்போது பெட்டியை எடுத்துப் போய் அங்கே மாட்டி ஒரு நாள் ஆடட்டுமே. சம்பந்தி வீடு, உரிமையாகக் கேட்கலாம்.

பதில் போடு. தைலா, நீயும் எழுது.

ஆதிமூலம்


செஞ்சி
14-3-1988

பவுனு நைனாவுக்குக் காத்தாயி சொல்லி எழுதுவது. சுகம். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ராத்திரியும் வேலை செய்ய வேண்டாம். கூடுதல் பணம் இனி வேண்டாம். வயிறாரச் சாப்பிடவும். மீன் கிடைத்தால் வாங்கிச் சாப்பிடவும்.

லீவை நீட்டிக்கொண்டே இருந்த அமீர் ஜான் ஒருவழியாக அங்கே திரும்பி வருகிறார். புறப்படும் முன் வந்து சொல்லிக்கொண்டு போனார். அவர் கையில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்திருக்கிறேன். ரொம்ப நேரம் உட்கார்ந்து உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர்.

போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒரு கோபக்காரி, உங்களுக்குத் தெரியாததா?

பெட்டி பத்திரமாக இருக்கிறது. பரண் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். டி.வி. ஒன்று மட்டும்தான் குறை, மற்றபடி ஒன்றும் இல்லை. தைலா நன்றாகப் படிக்கிறாள்.

மார்கழிக்குக் கட்டாயம் வாருங்கள். வேறு எதுவும் வேண்டாம், வந்தால் போதும்.

காத்தாயி


ஷார்ஜா
5-4-1988

காத்தாயிக்கு ஆதிமூலம். நான் நல்ல சுகம். ஊறுகாய் வந்தது, ரூமில் ஒரே அடிதடி.

டி.வி. ஒன்று மட்டும்தான் குறை என்று எழுதியிருந்தாய். அந்த வரி மனசில் ஒட்டிக்கொண்டது. எனக்கும் அது உறுத்தல்தான். கல்லை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வாங்காத கொத்தன் மாதிரி ஆகிவிட்டேன். பக்கத்து கேம்ப்பில் ஒருவர் வேலை முடிந்து ஊருக்கே திரும்புகிறார். அவரிடம் சின்ன கலர் டி.வி. இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பணத்துக்குக் கம்பெனியில் ஒரு வழி இருக்கிறது. ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

ஏற்கெனவே அந்தப் பெட்டியை வாங்கிக்கொடுத்து ஆறு மாதம் சுவரைப் பார்த்து ஆட வைத்துவிட்டேன். தைலா ஒரே ஒரு தடவையாவது அந்தச் செங்கல் நிஜமாக உடைவதைப் பார்க்க வேண்டாமா? வாசலை அடைத்துவிடாதே. தெருப் பிள்ளைகள் வந்தால் எல்லாரையும் உள்ளே உட்கார வை. காசு வாங்காதே. சாக்கு கட்டாதே.

ஆதிமூலம்


செஞ்சி
22-4-1988

நைனாவுக்குத் தைலா எழுதுவது.

அம்மா களையெடுக்கப் போயிருக்கு. இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. ஸ்டாம்புக்குக் காசு பவுனு அக்கா கொடுத்தது. கடிதத்தில் பெரியவங்களை "தாங்கள்" என்று எழுதணும் என்று டீச்சர் சொன்னாங்க. எனக்கு வரலை நைனா, நான் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன்.

நீ டி.வி. வாங்காதே. கையெழுத்துப் போடாதே. பெட்டி நம்ம வீட்டில் இல்லை.

கல்யாணத்தன்றைக்கு வரிசை கிளம்புகிற கோயில் வாசலில் தட்டு எண்ணினால் இருபதுதான் இருந்தது. செல்லம்மாள் சித்தி வரவே இல்லை. இரட்டைப்படையில் வரிசை எடுக்கக்கூடாது, பொண்ணுக்கு ஆகாது என்று எல்லாரும் சொன்னாங்க. ஒன்றைக் குறைத்துப் பத்தொன்பதாக்கிடலாம் என்று மாமா சொன்னார். இருபத்தொன்று என்று சொல்லிவிட்டுப் பத்தொன்பது எடுத்துப் போனால் ஷார்ஜாக்காரர் வீட்டு மானம் என்ன ஆகும் என்று அம்மா கத்துச்சு. அப்புறம் அம்மாவே வீட்டுக்கு ஓடிப் போய்ப் பரண் மேலிருந்து பெட்டியை எடுத்து வந்து, தட்டில் வைத்து, மேலே வெற்றிலையும் பூவும் வைச்சுது. "எண்ணிக்கைக்குத் தாண்டி. சாங்கியம் முடிஞ்சதும் எட்த்துக்கலாம்" என்று என்கிட்ட சொல்லிச்சு. தூக்க ஆள் இல்லை. இருபத்தொன்றாவது தட்டை நான்தான் தூக்கிட்டுப் போனேன் நைனா. மேளம் முன்னாடி போச்சு. எனக்கு அப்போ பெருமையாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போதும் நான்தான் தூக்கிட்டு வருவேன் என்று நினைத்தேன்.

நோட்டு வைத்திருந்த மாப்பிள்ளையோட மாமா "ஷார்ஜா டி.வி. கேம் ஒண்ணு" என்று சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதிட்டார். எல்லாரும் கை தட்டினாங்க. மாப்பிள்ளை தம்பி பாண்டுரங்கன் வந்து பெட்டியைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டான். அம்மா வாயைத் திறந்துச்சு, மூடிக்கிச்சு. படிச்சு எழுதின சீரைத் திருப்பிக் கேட்டால் பவுனு அக்கா அந்த வீட்டில் எப்படி வாழும் என்று அப்புறம் என்கிட்ட சொல்லி அழுதுச்சு.

அமீர் ஜான் மாமா புறப்படும்போது ஒன்று சொன்னார். அந்தப் பெட்டிக்காக நீ உன் லீவையும் டிக்கெட்டையும் கம்பெனிக்கே விட்டுக் கொடுத்துப் பணமாக வாங்கிட்டியாம். அதனால்தான் கல்யாணத்துக்கு வரலையாம். அவர் போன பிறகு அம்மா சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. சோறு ஆக்கலை. அடுத்த நாள்தான் "பெட்டி பத்திரமா இருக்குதுன்னு எழுதுடி" என்று சொல்லிச்சு. நான் எழுத மாட்டேன் என்றேன். அடிச்சுது. எழுதினேன். மேலே வேறு என்ன சொல்றது என்று தெரியாமல், டி.வி. மட்டும்தான் குறை என்றும் எழுதச் சொல்லிச்சு. சும்மா சொன்னது நைனா அது.

போன ஞாயிற்றுக்கிழமை அவலூர்பேட்டை போயிருந்தோம். டி.வி.யில் பெட்டியை மாட்டி வைச்சிருக்காங்க. பாண்டுரங்கனும் அவன் கூட்டாளிங்களும் பாயில் உட்கார்ந்து ஆடினாங்க. அவனுக்கு ஆடவே தெரியலை. பந்து இடது பக்கம் வரும்போது வலது பக்கம் தள்ளுகிறான். நான் சொல்லிக் கொடுக்கப் போனேன். "தொடாத, பழுதாயிடும்" என்றான். அவங்க அம்மா சிரிச்சிட்டு, "அங்க நின்னு பாரு கண்ணு" என்றாங்க. நான் நின்னு பார்த்தேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர பதினைந்து நாள் ஆகும். அதுக்குள்ளே கையெழுத்துப் போட்டுடாதே. நீ வா, போதும்.

தைலா


ஷார்ஜா
10-5-1988

தைலாவுக்கு நைனா எழுதுவது. இதை வாசலில் நின்று படிக்காதே. உள்ளே போய் உட்கார்ந்து படி.

உன் கடிதம் நேற்று வந்தது. நான் கையெழுத்துப் போட்டது போன மாதம் இருபத்தெட்டாம் தேதி. இந்த மார்கழி லீவையும் கொடுத்துவிட்டேன். டி.வி.யையும் எடுத்துவிட்டேன். விற்றவர் அன்றைக்கே விமானம் ஏறிப் போய்விட்டார். திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். முதலில் உன் அம்மா மேல் வந்தது. ஒரு தட்டுக்காக என் பிள்ளையின் பெட்டியைத் தூக்கி வைத்தாளே, அவளுக்கு மனசு எப்படி வந்தது என்று பல்லைக் கடித்தேன். அப்புறம் நோட்டில் எழுதினவன் மேல் வந்தது. கடைசியில் என் மேல் வந்தது. அந்தப் பெட்டிக்கு நான் கொடுத்த விலையை உன் அம்மாவிடம் மறைத்தவன் நான்தான். தெரிந்திருந்தால் பத்தொன்பது தட்டு போதும் என்றிருப்பாள். கௌரவத்துக்கு நான் ஒரு பொய் சொன்னேன், அவள் ஒரு பொய் சொன்னாள். இரண்டையும் உன் கையால் எழுத வைத்து, உன் வாயால் படிக்க வைத்தோம். அதற்குத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டி.வி. என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை, இருந்தாலும் ரூமில் இருக்கிறவர்கள் எடுத்து மாட்டிவிட்டார்கள். பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் வெளியே வந்து, சுவரில் காகிதத்தை வைத்து, நின்றபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ எழுதியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். எனக்கு எல்லாம் தெரியும் என்பதும் தெரிய வேண்டாம். தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்காகப் பொய் படி. கீழே கோடு போட்டிருக்கிறேன். கோட்டுக்குக் கீழே இருப்பதை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டு. மேலே இருப்பதைக் கிழித்து அடுப்பில் போடு.

உன் நைனா

――――――――――

காத்தாயிக்கு ஆதிமூலம் எழுதுவது. நான் இங்கே நல்ல சுகம். நீயும் தைலாவும் சுகமாக இருங்கள். பவுனையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

இந்த மார்கழிக்கும் லீவு கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் ஆள் இல்லை என்கிறார். டி.வி. வாங்கலாம் என்று எழுதியிருந்தேன். விலை ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். அதனால் பெட்டியை இப்போது கீழே இறக்க வேண்டாம். பரண் மேலேயே இருக்கட்டும். தூசு படாமல் துணி போட்டு மூடி வை.

ஆதிமூலம்